நொண்டும் மாட்டுக்கு ஊசி போடும் முன்: குளம்பழுகலைக் கண்டறிந்து குணமாக்கும் முறை

கறவை மாடு என்றால் தினமும் இரண்டு வேளை மடியில் கை வைக்கிறோம். ஒரு வேளை பால் குறைந்தாலே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். இறைச்சிக்காக வளர்க்கும் காளைக்கும் கிடேரிக்கும் அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. கூட்டத்தோடு நிற்கும், கூட்டத்தோடு படுக்கும், கால் வலித்தாலும் மற்ற மாடுகளுக்கு நடுவே மறைந்து நிற்கும். தீவனத் தொட்டிக்குக் கடைசியாக வந்து, விலா எலும்பு தெரியத் தொடங்கிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். அதற்குள் தோலோடு நின்றிருக்க வேண்டிய அழுகல் மூட்டுக்குள் இறங்கியிருக்கும்.

நான் இறைச்சி மாடுகளை மட்டுமே வளர்ப்பவன். நொண்டும் மாட்டைப் பார்த்ததும் நம் தொழிலில் எல்லோருடைய கையும் முதலில் ஊசிக்குப் போகிறது, காலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. குளம்புகளுக்கு இடையிலுள்ள தோல் பிளந்து அழுகும் குளம்பழுகலுக்கு ஊசி மருந்து நன்றாக வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளங்குளம்பில், அதாவது குளம்பின் அடிப்பரப்பில், ஆணி ஏறிய மாட்டுக்கு அதே மருந்தை எத்தனை முறை போட்டாலும் நொண்டல் போகாது. மாட்டின் வலி நீளும், மருந்து வீணாகும், இறைச்சிக்கு அனுப்பும் நாளும் தள்ளிப்போகும். அதனால் இந்தக் குறிப்பில் மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நடையைப் பாருங்கள்

காலையில் தீவனத்துக்கு மாடுகள் எழுந்து வரும் நேரம்தான் சரியான நேரம். சேற்றில் நடக்கும்போது எல்லா மாடும் ஒரே மாதிரிதான் தெரியும். கெட்டியான சமதரையில், விரட்டாமல், அதன் போக்கில் நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

முன்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். பின்கால் வலித்தால் இடுப்பு ஒருபக்கம் ஏறி இறங்கும், முதுகு வில்லாக வளையும், அடி சின்னதாகும். பின்காலை வெளிப்பக்கமாக அகட்டி வைத்தால், அந்தக் காலின் இரண்டு குளம்புகளில் வெளிப்பக்கம் இருக்கும் வெளிக்குளம்பில் வலி இருக்க வாய்ப்பு அதிகம். மாட்டின் பின்காலில் வெளிக்குளம்பும் முன்காலில் உட்குளம்பும்தான் கூடுதல் பாரம் தாங்குகின்றன, உள்ளங்குளம்புப் புண்ணும் அங்கேதான் அதிகம் வரும். முன்கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து நிற்கும் மாட்டை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். இரண்டு உட்குளம்புகளும் வலிப்பதால், பாரத்தை வெளிக்குளம்புக்கு மாற்ற அது அப்படி நிற்கிறது.

நான் மனதுக்குள் நான்கு படி வைத்திருக்கிறேன். சாதாரண நடை 0. லேசாக அடி குறைந்தால் 1. எந்தக் கால் என்று தெளிவாகத் தெரிந்தால் 2. காலை ஊன்றவே மறுத்தால் 3. படி 1 என்றால் மறுநாள் மறுபடி பார்ப்பேன். 2 என்றால் அன்றைக்கே காலைத் தூக்கிப் பார்ப்பேன். 3 என்றால் அந்த மாட்டை விரட்டி நடக்க வைக்காமல், இருக்கும் இடத்துக்கே மருத்துவரைக் கூப்பிடுவேன்.

நடையைப் பார்த்த கையோடு வாயையும் பாருங்கள். ஒரே நேரத்தில் பல மாடுகள் நொண்டி, வாயில் எச்சில் ஒழுகி, நாக்கிலோ ஈறிலோ கொப்புளம் இருந்தால் அது கோமாரி. அங்கேயே நிறுத்திவிட்டு, மாடுகளை வேறெங்கும் நகர்த்தாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். தொடை அல்லது தோள் சதை திடீரென வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்று அசைவது போல இருந்தால் சப்பை நோய். அது ஓரிரு நாளுக்குள் உயிரை எடுக்கும். குளம்பைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே மருத்துவர் வந்தாக வேண்டும்.

காலைத் தூக்குவது

மாட்டை நிறுத்த மரத்திலோ இரும்பிலோ நல்ல சட்டம் வேண்டும். இறைச்சி மாடுகள் கையால் தொட்டுப் பழகாதவை. திறந்த வெளியில் கயிற்றை வைத்துக்கொண்டு காளையின் பின்காலைத் தூக்கப் பார்த்தால் உங்கள் கால் எலும்புதான் முறியும். தலையை நிறுத்திவிட்டு, பின்காலுக்கு முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே தடித்த, மென்மையான கயிற்றைச் சுற்றி, மேலே உள்ள சட்டக் கம்பியின் மீது போட்டு இழுங்கள். மெல்லிய கயிறு தோலை அறுத்துவிடும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும்படி இருக்க வேண்டும், மாடு சரிந்து விழுந்தால் அந்த ஒரு இழுப்புதான் அதன் காலைக் காப்பாற்றும். காலைத் தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். பின்பக்கமாக, இயல்பாக மடங்கும் உயரம் போதும். வெயில் ஏறும் முன் வேலையை முடித்துவிடுவது நல்லது. பயந்து மூச்சு வாங்கும் மாட்டைச் சற்று நேரம் சும்மா விட்டு, பிறகு தொடங்குங்கள்.

தூக்கியதும் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றையும் சாணத்தையும் கழுவித் தேயுங்கள். இரண்டு குளம்புகளையும் விலக்கி இடுக்கைப் பாருங்கள். எத்தனையோ முறை நொண்டலுக்குக் காரணம் அங்கே சிக்கிய ஒரு கல்தான். அதை எடுத்துவிட்டு அயோடின் வைத்தால் மறுநாளே நேராக நடக்கும். அப்புறம் உள்ளங்குளம்பைச் சுரண்டிக் கருப்புக் கோடு, ஓட்டை, ஆணித்தலை எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள். குறடு போன்ற சோதனை இடுக்கி இருந்தால் குளம்பை இடம் இடமாக அழுத்துங்கள். வலிக்கும் இடத்தில் மாடு காலை வெடுக்கென்று இழுக்கும்.

குளம்பழுகல் என்றால் எப்படி இருக்கும்

ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியாதான் முதல் காரணம். அது மாட்டின் குடலிலேயே வாழ்வது, சாணத்தோடு தரைக்கு வருவது. முழுத் தோலை அதனால் துளைக்க முடியாது. நாள் கணக்கில் சேற்றில் ஊறிய தோல், கூரான கல், அறுத்த பயிரின் அடிக்கட்டை, வெயிலில் காய்ந்து கூராகிப்போன சேற்றுக் கட்டி, இவற்றில் ஏதோ ஒன்று குளம்பிடுக்கில் கீறலைத் திறந்துவிட வேண்டும். உள்ளே போனதும் போர்ஃபிரோமோனாஸ் போன்ற வேறு பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். இவை காற்றில்லாத இடத்தில் பெருகுபவை. தோலுக்கடியில் திசு செத்து அழுகுவது அதனால்தான்.

அடையாளம் தெளிவானது. நேற்று நன்றாக நடந்த மாடு இன்று ஒரு காலைத் தரையில் ஊன்றாது. பெரும்பாலும் ஒரே கால், அதிலும் பின்கால் அதிகம். குளம்பும் தோலும் சேரும் விளிம்பைச் சுற்றி இரண்டு பக்கமும் சமமாக வீங்கும், குளம்புகள் அகன்று விலகி நிற்கும். இடுக்கில் நீளவாக்கில் தோல் பிளந்து, சாம்பலோ மஞ்சளோ கலந்த செத்த சதை தெரியும். நாற்றம் ஒன்று வரும், ஒருமுறை முகர்ந்தவருக்கு இரண்டாம் முறை சந்தேகம் வராது. காய்ச்சல் 39.5 முதல் 40.5 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், தீனி குறையும்.

'சமமாக' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கக் குளம்புக்கு மேல் மட்டும் வீங்கியிருந்தால் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம், அல்லது மூட்டே பழுத்திருக்கலாம். குளம்புக்குப் பின்னால் மேலே இருக்கும் இரண்டு சிறு குளம்புகளையும் தாண்டி வீக்கம் ஏறியிருந்தாலும் அது வெறும் குளம்பழுகலாக இருக்காது.

இடுக்கில் பிளவே இல்லாமல், பின்பக்கம் குதிமேடுகளுக்கு நடுவே சிவந்த, தொட்டால் மாடு துள்ளும் ஈரப்புண் இருந்தால் அது குதிப்புண் நோய். ட்ரெப்போனிமா என்ற வேறு பாக்டீரியாவால் வருவது. அதில் வீக்கம் அதிகம் இருக்காது, பழைய புண்ணின் விளிம்பில் முடி முடியாகத் தொங்கும். அதற்கு ஊசி தேவைப்படுவது அரிது. கழுவித் துடைத்து, டெட்ராசைக்ளின் மருந்தைப் புண்ணின் மேலேயே வைக்க வேண்டும். மாட்டுக்கு மாடு எளிதாகப் பரவும்.

பல மாடுகள் ஒன்றாக, நான்கு காலும் கூசியது போல மெல்ல நடந்தால் தீவனத்தைப் பாருங்கள். தானியம் திடீரென ஏறும்போது இரைப்பை புளித்து, அதன் விளைவு குளம்புக்குள் இருக்கும் சதையில் தெரியும். புல்லிலிருந்து தானியத்துக்கு மாற்ற மூன்று வாரமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் வந்து இறங்கிய மாடுகள் சில நாட்களில் நொண்டினால் பின்கால் குளம்பின் நுனியைப் பாருங்கள். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் விரட்டும்போது நுனி தேய்ந்து, ஓரம் பிரிந்து, உள்ளே சீழ் வைக்கும். மாட்டை அடித்து விரட்டாமல் அமைதியாக நடத்தினால் இந்த நோயில் பெரும்பகுதி வராது.

சிகிச்சை

இடுக்கைச் சுத்தமாகக் கழுவி, தானே கழன்று வரும் செத்த சதையை மட்டும் துணிச்சுருளால் துடைத்து எடுங்கள். உயிருள்ள சதையை வெட்ட வேண்டாம். இடுக்கில் கம்பியையோ முரட்டுக் கயிற்றையோ போட்டு அறுப்பதைப் போல இழுக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது புண்ணை ஆழமாக்குமே தவிர ஆற்றாது. போவிடோன் அயோடின் கரைசலால் நனைத்துவிட்டு அப்படியே விடுங்கள். இரண்டு குளம்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினால் காற்றுப் புகாது, காற்றில்லாத இடம்தான் அந்தப் பாக்டீரியாவுக்கு வேண்டியது. புண்ணில் புழு வைத்திருந்தால் இடுக்கியால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஈ அண்டாத களிம்பு தடவுங்கள்.

மேல்பூச்சு மட்டும் போதாது, அழுகல் தோலுக்கடியில் இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஊசி வேண்டும், அதுவும் நொண்டல் தெரிந்த முதல் நாளிலேயே. எந்த மருந்து என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பழைய, நம்பகமான மருந்து நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின், கிலோ எடைக்கு 20 மி.கி. ஒரே முறை. ப்ரோகெய்ன் பென்சிலினும் வேலை செய்யும், ஆனால் தினமும் போட வேண்டும். ஃப்ளோர்ஃபெனிகால், டுலாத்ரோமைசின் இரண்டும் நல்ல மருந்துகள், தினமும் மாட்டைப் பிடிக்க முடியாத இடத்தில் ஒரே ஊசியில் வேலை முடியும். செஃப்டியோஃபர் மருந்தும் கேட்கும். ஆனால் அது மனிதர்களின் கடும் தொற்றுக்கு மிச்சம் வைக்க வேண்டிய மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. எளிய மருந்தில் குணமாகும் புண்ணுக்கு அதை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளவு குறைந்த மருந்து நோயைப் பாதியில் விடும். எடைமேடை இல்லையென்றால் அளவு நாடா போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 170, நீளம் 140 என்றால் சுமார் 373 கிலோ. மி.லி.க்கு 200 மி.கி. உள்ள ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்றால் 10 கிலோவுக்கு 1 மி.லி., ஆக 37 மி.லி. கொஞ்சம் மேலே. அதை ஒரே இடத்தில் போடக் கூடாது. ஓர் இடத்துக்கு 10 மி.லி.க்கு மேல் போகாமல், கழுத்தின் இரு பக்கமுமாக நான்கு இடங்களில் பிரித்துப் போடுங்கள். தொடையில் எப்போதும் போடாதீர்கள். விலை மதிப்புள்ள சதை அங்கேதான் இருக்கிறது, ஊசித் தழும்பு கறியில் நிற்கும். மருந்துப் புட்டியோடு வரும் சீட்டில் தோலுக்கடியில் போடலாம் என்றிருந்தால் தோலுக்கடியிலேயே போடுங்கள்.

வலியைக் குறைக்கவும் மருந்து வேண்டும். இது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் காலை ஊன்ற முடியாத காளை தொட்டிக்கு நடப்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வலி குறைந்தால் நடக்கும், தின்னும், எடை நிற்கும். மருத்துவரிடம் கேட்டு மெலாக்ஸிகாம் கொடுக்கலாம், கிலோவுக்கு 0.5 மி.கி. டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம். அந்த மருந்து உடலில் இருக்கும்போது மாடு செத்து, அதைப் பிணந்தின்னிக் கழுகுகள் தின்றால் அவற்றின் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். தெற்காசியாவில் கழுகுக் கூட்டங்களே அழிந்தது இதனால்தான். மெலாக்ஸிகாமில் அந்த ஆபத்து இல்லை.

ஊசி போட்ட மாட்டை உலர்ந்த தரையில், தண்ணீரும் தீவனமும் பக்கத்திலேயே இருக்கும் சின்ன அடைப்பில் விடுங்கள். மறுபடி சேற்றுக்கு அனுப்பினால் மருந்து ஒருபக்கம் ஆற்ற, சேறு மறுபக்கம் புண்ணைத் திறக்கும். அந்தக் காலிலிருந்து வழியும் சீழ் தரையில் சிந்தாமல் இருப்பது மற்ற மாடுகளுக்கும் நல்லது.

காதுப்பட்டை எண், தேதி, எந்தக் கால், மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். நான் வாங்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் சீட்டில் 28 நாள் என்று இருக்கிறது. வேறு மருந்துக்கு வேறு கணக்கு, சீட்டைப் படித்தே ஆக வேண்டும். நாள் முடியாத மாட்டைக் கறிக்கு அனுப்புவது தின்பவருக்குச் செய்யும் துரோகம்.

மூன்றாம் நாள்

சரியான நேரத்தில் சரியான மருந்து போயிருந்தால் மூன்று, நான்கு நாளில் வீக்கம் வடியும், நடை தெளியும். தெளியவில்லை என்றால் அதே ஊசியை மறுபடி போடாமல் காலை மறுபடி தூக்குங்கள். இந்த ஒரு பழக்கம் என் பட்டியில் பல மாடுகளின் காலைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு கிடேரிக்கு இடுக்குப் புண் ஆறியிருந்தது, ஆனால் வெளிக்குளம்புக்கு மேல் மட்டும் உருண்டையாக வீக்கம் நின்றது. மூட்டுக்குள் சீழ். மருத்துவர் அந்த ஒரு குளம்பை எடுத்துவிட்டார், மிச்சமிருந்த குளம்பில் அது மாதக்கணக்கில் நன்றாகவே நடந்தது. எல்லா மாட்டுக்கும் இது பொருந்தாது, கனத்த காளையின் பாரத்தை ஒற்றைக் குளம்பு நெடுநாள் தாங்காது.

குளம்புக்குள் மட்டும் சீழ் என்றால் வைத்தியம் எளிது. குளம்புக் கத்தியால் கருப்புக் கோட்டைத் தொடர்ந்து போய்த் திறந்துவிட்டால் சீழ் வெளியேறும், வலி அப்போதே குறையும். நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டை ஒட்டி உயர்த்தினால் நோகும் குளம்பு தரையில் படாமல் ஓய்வெடுக்கும். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மி.மீ. வளரும், ஆறுவதற்கு அந்தக் காலத்தைக் கொடுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை. உள்ளங்குளம்பு ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது. கத்திப் பழக்கம் இல்லாதவர் ஆழமாகச் சீவ வேண்டாம்.

காலை ஊன்றி எழவே முடியாத மாட்டை வண்டியில் ஏற்றி எங்கும் அனுப்பாதீர்கள்.

வராமல் காப்பது

பட்டியில் எங்கே சேறு நிற்கிறது என்று மழை விட்ட மறுநாள் நடந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வாயிலில், நிழல் மரத்தடியில்தான் நிற்கும். தொட்டியைச் சுற்றிச் சொரசொரப்பு மிதமான சிமெண்ட் தளம் போடலாம், அல்லது கல் பரப்பி மேலே பொடியான மண் போட்டு இறுக்கலாம். கூர்க்கல்லை மட்டும் கொட்டிவிட்டு விட்டால் கீறலுக்கு நாமே வழி செய்கிறோம். பட்டிக்கு நடுவே மண்மேடு இருந்தால் மழையிலும் மாடு படுக்க உலர்ந்த இடம் கிடைக்கும்.

தாது உப்புக் கலவையில் துத்தநாகம் இருக்கிறதா என்று பாருங்கள். தோலும் குளம்பும் உறுதியாக அது வேண்டும். உலர்நிலைத் தீவனத்தில் கிலோவுக்குத் துத்தநாகம் 30 மி.கி., செம்பு 10 மி.கி., அயோடின் 0.5 மி.கி. தேவை. தீவனத்தில் இவை குறைவாக இருக்கும் மாட்டுக்கு உப்பு மாற்றம் நல்ல பலன் தரும். ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதற்கு மேலும் மேலும் கொட்டுவதில் பயனில்லை. சில நாடுகளில் குளம்பழுகலுக்குத் தடுப்பூசி விற்கிறார்கள், பலன் எல்லாப் பட்டியிலும் ஒன்றாக இல்லை.

ஒரே பருவத்தில் பல மாடுகளுக்கு வந்தால் குளம்புக் குளியல் வையுங்கள். 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத் தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்குக் கரைசல் நின்றால் அது 180 லிட்டர். 5 சதவீத மயில்துத்த (செம்பு சல்பேட்) கரைசலுக்கு 9 கிலோ மயில்துத்தம் வேண்டும். அதற்கு முன்னால் வெறும் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்துக் காலைக் கழுவ வையுங்கள், சாணம் சேர்ந்தால் மயில்துத்தம் வலுவிழந்துவிடும். 150 முதல் 200 மாடு கடந்ததும் கரைசலை மாற்றுங்கள். ஆடுகள், குறிப்பாகச் செம்மறி, அதைக் குடிக்கவோ அது கொட்டிய இடத்தில் மேயவோ கூடாது. செம்பு செம்மறிக்கு நஞ்சு. மண்ணிலும் அது சேர்ந்துகொண்டே போகும் என்பதால், ஆண்டு முழுவதும் குளியல் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

வெளியிலிருந்து வாங்கும் மாட்டை வண்டியிலிருந்து இறக்கியதும் நடக்கவிட்டுப் பாருங்கள், மூன்று வாரம் தனியே வையுங்கள். குதிப்புண் நோய் பெரும்பாலும் இப்படி விலைக்கு வாங்கிய மாட்டோடுதான் பட்டிக்குள் நுழைகிறது. பொலிகாளைகளின் கால்களை, பசுக்களோடு சேர்க்கும் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே தூக்கிப் பார்த்துவிடுங்கள். குளம்பழுகலில் ஏறும் காய்ச்சல் விந்தணுவைக் கெடுக்கும், புதிய விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். சேர்க்கும் வாரத்தில் நொண்டலைக் கண்டுபிடித்துக் காலைக் குணமாக்கினாலும் அந்தப் பருவத்தில் அந்தக் காளையை நம்பிப் பசுக்களை விட முடியாது.